கிறிஸ்தவர் ஒருவர் போரில் ஆயுதம் தூக்கலாமா? வன்னியில் இருந்த ஒருவனின் பதில்

கேள்வி: "ஒரு கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தையும் காட்டச் சொன்னவர் இயேசு. அப்படியென்றால் கிறிஸ்தவர் எந்தப் போரையும் ஆதரிக்க முடியாதா? போருக்குள் வாழ்ந்தவர்கள் என்ன நினைக்கிறீர்கள்?"

நான் கத்தோலிக்கன். மடுவுக்கு அண்மையில் பிறந்தவன். இலங்கைப் போரின் கடைசியில், 2008, 2009 இடம்பெயர்வில் மல்லாவி, தருமபுரம், வலைஞர்மடம் என்று தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு ஓடி, கடைசியில் செட்டிகுளம் முகாமுக்குப் போய்ச் சேர்ந்த சனத்தில் ஒருவன். ஆயுதம் தூக்கக் கூடாது என்பதுதான் இன்றைக்கு என் எண்ணம். ஆனால் புலிகளின் கையிலிருந்த வன்னியில் அந்தக் கடைசி ஆண்டுகளில் தூக்கலாமா என்று எங்களை யாரும் கேட்கவில்லை. தூக்க மாட்டேன் என்று சொல்லப் புலிகள் விடுவார்களா என்பதுதான் வீட்டுக்கு வீடு பேச்சு.

வேதாகமத்தை மட்டும் வைத்து இந்த வழக்கைத் தீர்க்க முடியாது. பேதுருவிடம் வாளை உறையில் போடச் சொன்ன அதே இரவில்தான், மேலுடையை விற்றாவது வாள் வாங்கச் சொன்னதாக லூக்கா எழுதுகிறார். திருமுழுக்கு யோவானிடம் வந்த படைவீரர்களுக்குக் கிடைத்த புத்தி, யாரையும் மிரட்டிப் பறிக்காதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்பதுதான். வேலையை விடச் சொல்லவில்லை. மறுபக்கம், தொடக்க காலத் திருச்சபை எழுத்தாளர்களான தெர்த்துல்லியனும் ஒரிஜனும் கிறிஸ்தவர் போருக்குப் போவதை ஏற்கவில்லை. 295இல் வட ஆப்பிரிக்காவில் மாக்சிமிலியான் என்ற இளைஞன், நான் கிறிஸ்தவன், படையில் சேர மாட்டேன் என்றதற்காகக் கொல்லப்பட்டான். கிறிஸ்தவத்தை ஆதரித்த ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைனுக்குப் பிறகு காற்று மாறியது. அகுஸ்தினாரும், 13ஆம் நூற்றாண்டில் தோமா அக்குவினாசும், எந்தப் போர் நியாயமானது என்று நிபந்தனை எழுதினார்கள்: உரிய அதிகாரம், நியாயமான காரணம், நேர்மையான நோக்கம். போர் கடைசி வழியாக இருக்க வேண்டும், பொதுமக்களைக் குறிவைக்கக் கூடாது, தடுக்க நினைக்கும் தீமையை விடப் பெரிய தீமை விளையக் கூடாது என்பவையும் அந்த மரபில் உண்டு. போரையே மறுக்கும் மென்னனைட், குவேக்கர் என்ற புரட்டஸ்தாந்து சபையினர் இந்த நிபந்தனைப் பேச்சே வேண்டாம் என்று ஒதுங்கியவர்கள்.

சரி, இந்த நிபந்தனைகளை வன்னிக்குக் கொண்டுவாருங்கள். 1983 தமிழர் படுகொலையைக் கண்டவர்களும், 1985 சனவரியில் வங்காலையில் பாதர் மேரி பஸ்தியான் கொல்லப்பட்டதைக் கேட்டு வளர்ந்தவர்களும் நியாயமான காரணம் இருக்கிறதா என்று அக்குவினாசைப் புரட்டப் போவதில்லை. அரசோ உரிய அதிகாரம் தனக்குத்தான் என்றது. ஆளுக்கொரு நிபந்தனையைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் எவ்வளவு காலமும் சண்டை பிடிக்கலாம், பிடித்தார்கள். மற்ற நிபந்தனைகளைத்தான் யாரும் சீண்டவில்லை. 1999 நவம்பரில் மடுக்கோவிலில் தஞ்சமிருந்த சனத்தின் மேல் ஷெல் விழுந்தது. அடித்தது மற்றவர்தான் என்று இரு தரப்பும் கை காட்டின. 2009இல் அரசு தானே அறிவித்த பாதுகாப்பு வலயத்துக்குள் ஷெல் வந்தது, வைத்தியசாலைகளும் தப்பவில்லை. வெளியேற முயன்ற சனத்தைப் புலிகள் சுட்டார்கள். 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் சொன்னது. அதே ஆண்டு சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் வைத்த 146,679 என்பது, அரசின் சொந்தப் பதிவுகளை வைத்தே, கணக்கில் வராதவர்களின் தொகை. (இரண்டும் வேறு வேறு கணக்கு. இணையத்தில் இதை ஒன்றாகப் போட்டு அடிபடுகிறவர்கள் கவனிக்கவும்.)

நியாயமான போர் என்ற கோட்பாட்டோடு என் பிணக்கு இதுதான். தொடங்கும்போது அதைக் காட்டி அனுமதி வாங்கலாம். நடுவில் நிபந்தனை மீறப்பட்டால் நிறுத்தச் சொல்ல ஆளில்லை. பழைய காலத்து அளவுகோலை வைத்து ஒரு போரை நியாயமானது என்று சொல்வது இன்று மிகக் கடினம் என்று பாப்பரசர் பிரான்சிஸ் 2020இல் எழுதினார். எங்களுக்கு அது பதினொரு வருடம் பிந்திய கடிதம்.

இனி, மறுத்தவர்களைப் பற்றி. என் சித்தியின் மூத்த மகன் தானாகவே இயக்கத்துக்குப் போனவன், திரும்பி வரவில்லை. ஒவ்வொரு நவம்பர் 27க்கும், மாவீரர் நாளில், சித்தி அவனுக்கு விளக்கேற்றுவார். வீட்டுக்கு ஒருவர் படைக்கு வர வேண்டும் என்ற புலிகளின் கெடுபிடி முற்றிய காலத்தில் இளையவனுக்கு மாட்டுக்கொட்டிலுக்குப் பின்னால் கிடங்கு வெட்டினார். மேலே பலகை, அதன்மேல் சாக்கு, அதன்மேல் மண்ணும் சாணியும். மூச்சுக்கு ஒரு பிவிசி குழாய், அதன் வாய் விறகுக் குவியலுக்குள். மாரியில் உள்ளே தண்ணீர் ஊறும், பெடியன் அதற்குள்ளேயே குந்தியிருப்பான். கிடங்கடியில் போய்ப் போய் முகர்ந்ததால் நாயை வேறு வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். பிடிக்க வந்தவர்களிடம், "அவன் மன்னாருக்குப் போயிட்டான் தம்பி, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ" என்பார், முகம் மாறாமல். பொய் சொல்வது பாவம் என்று எங்களுக்கு மறைக்கல்வி படிப்பித்ததும் அவர்தான்.

சித்தியைச் சமாதானவாதி என்று யாரும் சொன்னதில்லை. போராட்டம் பிழை என்று அவர் ஒருநாளும் சொன்னவரும் இல்லை. ஆனால் ஐரோப்பாவில் நடந்திருந்தால் இதற்கு மனச்சாட்சி மறுப்பு என்று பெயர் வைத்திருப்பார்கள். ஆஸ்திரிய விவசாயி பிரான்ஸ் யேகர்ஸ்டேட்டர் ஹிட்லரின் படையில் போரிட மறுத்து 1943இல் தலை வெட்டப்பட்டார். குடும்பத்தை நினைத்துப் பார் என்று அவருடைய ஆயரே அவருக்குப் புத்தி சொன்னவர். 2007இல் அதே திருச்சபை அவரை முத்திப்பேறு பெற்றவராக அறிவித்தது. செத்தபின் கிடைக்கும் மரியாதை.

"அப்ப ஆமி வந்தால் கை கட்டிப் பார்த்துக்கொண்டு நிற்பதா?" என்று என் நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. சும்மா நிற்பது சமாதானம் இல்லை. சமாதானம் பேச அருகதை உள்ளவர்கள் ஷெல்லடிக்குள் சனத்தோடு கிடந்த குருக்களும் கன்னியாஸ்திரிகளும்தான். பாதர் பிரான்சிஸ் யோசப் 2009 மே 18இல், இராணுவத்திடம் சரணடைந்த போராளிகளுடன் வட்டுவாகலில் தானும் கூடப் போனார். அதன்பின் அவரைக் கண்டவர் இல்லை. அவர் போராட்டத்தை ஆதரித்தவர் என்று சிலர் குறை சொல்வார்கள். இருக்கட்டும். கொழும்பிலும் கனடாவிலும் இருந்துகொண்டு எங்களுக்கு மறு கன்னத்தைப் பற்றி எழுதியவர்களை விட அவர் சொல்வதை நான் கேட்பேன். அதேபோல, பிள்ளைகளை வெளிநாட்டில் படிக்கவிட்டு மற்றவன் பிள்ளைக்குத் துவக்குக் கொடுக்கச் சொன்னவர்கள் நியாயமான போர் பற்றிப் பேசினாலும் நான் எழும்பிப் போய்விடுவேன்.

கருத்துப் பெட்டியில் யாராவது "செபஸ்தியாரே ஆமிக்காரர்தானே" என்று எழுதத்தான் போகிறீர்கள். எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வது அது. ஓம், மன்னார்ப் பேராலயமே அவர் பெயரில்தான் இருக்கிறது. ஆனால் அவர் சண்டை பிடித்துப் புனிதரானவர் இல்லை, சொந்தப் படையே அவரைக் கட்டிவைத்து அம்பு எய்தது. மாக்சிமிலியானின் பெயரையோ எங்கள் பங்கில் ஒரு பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை.