தீபாராதனையை வரைந்தால் அது காலண்டர் படம்தானா?

"கோயிலில் பூஜை நடப்பதைக் காட்டும் பக்தி ஓவியங்களைக் கலை என்று கொள்ளலாமா, அல்லது அவை காலண்டர் படங்கள்தாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்களே அப்படி ஒன்றை வரைந்து, அதைப் பார்த்து யாரோ முகம் சுளித்திருக்க வேண்டும் என்று ஊகிக்கிறேன்.

எனக்கும் அது நேர்ந்தது. மயிலாப்பூர் கபாலீஸ்வரர் சன்னதியின் சாயரட்சை தீபாராதனையை வரைந்து, சென்னையில் ஒரு கூடத்தில் நடந்த கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். பொறுப்பாளர் சரியாகப் பார்க்காமலே, "சார், இது சன்னதித் தெருப் படக்கடையில் நன்றாகப் போகும்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். படக்கடையை நான் இழிவாக நினைப்பவன் அல்லன். கோவில்பட்டி கொண்டையராஜு வரைந்த தெய்வப் படங்களைக் கும்பிட்டு வளர்ந்த வீடுதான் எங்களுடையதும். ஆனால் அத்தகைய படங்களில் தெய்வம் நம்மை நேரே பார்த்து, நிழலே விழாத வெளிச்சத்தில் நிற்கும். நான் பிடிக்க முயன்றது, திரை விலகியபின் கற்பூரம் எரிந்து அடங்கும் அந்தச் சிறு பொழுதை.

கருவறைக்குச் சன்னல் கிடையாது. உள்ளே படமெடுக்கவும் விடமாட்டார்கள். ஆகையால் பார்த்ததை மனத்தில் வைத்துக்கொண்டு வெளியே வந்து, பிராகாரத்தில் உட்கார்ந்து பென்சிலால் குறித்துக்கொள்வேன். அடுக்கு தீபம் காட்டும்போது நாகாபரணம் முழுவதும் மின்னும். கற்பூரத் தட்டு எழும்போதோ ஒளி கீழிருந்து ஏறும். குருக்களின் முதுகு கரிய நிழலாகிவிடும், அவருடைய இடக்கை மணியின் விளிம்பில் மட்டும் ஒரு கீற்று நிற்கும். முன்வரிசையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்க்கும் மூதாட்டிக்கு மூக்குத்தி தெரியும், கண் தெரியாது. இதற்காகத் துணி முழுவதையும் முதலில் கரும்பழுப்பாகப் பூசிவிட்டு, ஒளி விழும் இடங்களை மட்டும் சிறுகச் சிறுக ஏற்றினேன். வெள்ளைத் துணியில் தொடங்கியிருந்தால் அந்த இருட்டு வந்திருக்காது என்பது என் எண்ணம்.

பக்தியைக் காட்டி இடம் கேட்கிறான் என்று சிலர் சொல்லக்கூடும். ஆனால் தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள உள்வழியில், நாயக்கர் கால ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் சுவரோவியங்களை எஸ்.கே. கோவிந்தசாமி 1931-இல் கண்டறிந்தார். அவற்றுள் ஒன்றில் அரச குடும்பத்தினர் சிதம்பரம் நடராசரை வழிபட்டு நிற்கிறார்கள். அதற்கு முன்னால் நின்று காலண்டர் என்று சொல்ல எவருக்கும் நா எழாது. நவீன ஓவியத்துக்கு நான் எதிரியும் அல்லன். 1966-இல் ஓவியர் கே.சி.எஸ். பணிக்கர் தொடங்கிய சோழமண்டலம் ஓவியர் கிராமத்துக்கு இன்றும் விருப்பத்தோடு போகிறேன்.

வாங்க வருபவர்களும் பொறுப்பாளருக்குச் சளைத்தவர்கள் அல்லர். ஒருவர், இருட்டு வீட்டுக்கு ஆகாது, பின்னணியைச் சந்தன நிறமாக மாற்றித் தர முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன், படம் என் வீட்டிலேயே இருக்கிறது.

நீங்கள் வரையத் தொடங்கியிருந்தால், மூலவரை விட்டுவிட்டு முதலில் கூட்டத்தை வரைந்து பழகுங்கள். பங்குனித் திருவிழாவின்போது மட்டும் மயிலாப்பூர் வேண்டாம், நெரிசலில் கை அசைக்க முடியாது. திருவான்மியூர் மருந்தீஸ்வரர் கோயிலில் வார நாள் மாலையில் ஓரமாக நிற்க இடம் கிடைக்கும்.