டூர், மோல்: ஓர் எழுத்தின் இரு வடிவங்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

பேத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி அடங்கிய ஜெர்மன் இசைத்தட்டின் உறையில் 'சி மோல்' என்றிருந்தது. ஆங்கிலத்தில் அது 'சி மைனர்' என்ற சுரவரிசை. மென்மையைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து 'மோல்' வந்தது என்கிறது அகராதி. அந்த இசையில் மென்மை எங்கே இருக்கிறது?

– ஆர்.

அன்புள்ள ஆர்.,

நான்கே சுரங்களில் அதட்டித் தொடங்கும் அந்த இசையில் மென்மையைத் தேட வேண்டியதில்லை. அந்தச் சொல் உணர்ச்சியைச் சுட்டப் பிறந்ததன்று. 'பி' என்ற ஓர் எழுத்தை எழுதிய முறையிலிருந்து வந்தது.

இடைக்கால ஐரோப்பிய இசையில் 'பி' சுரத்துக்கு இரண்டு நிலைகள் இருந்தன. 'எஃப்' சுரத்துக்கும் இயல்பான 'பி'-க்கும் உள்ள இடைவெளி, அதாவது நம் சட்ஜத்துக்கும் பிரதி மத்திமத்துக்கும் உள்ள தொலைவு, காதுக்கு உறுத்தலாகப் பட்டதால், அத்தகைய இடங்களில் 'பி'-யை அரைச்சுரம் இறக்கிப் பாடினார்கள். இறக்கியதை வட்டமாக எழுதி 'மென்மையான பி' என்றும், இறக்காததைச் சதுரமாக எழுதி 'கடினமான பி' என்றும் அழைத்தார்கள். வல்லினம் மிகுந்த பாட்டெல்லாம் சினப்பாட்டு என்று நாம் கொள்வதில்லை அல்லவா, அதுபோலத்தான் இதுவும்.

எந்தச் சுரத்தை இறக்கினாலும் பிரெஞ்சுக்காரர்கள் 'பெமோல்' என்பது இந்த வட்ட 'பி'-யின் எச்சம். இறக்கத்தை நீக்கும் குறியான 'பெகார்', நேர்ப்பொருளில் சதுர 'பி'. ஜெர்மனியில் சதுர வடிவம் 'எச்' எழுத்தாகவே மாறிவிட்டது. அங்கே 'பி' என்றால் இறக்கிய சுரம், 'எச்' என்றால் இயல்பான சுரம். அதனால்தான் ஜெர்மன் இசையமைப்பாளர் பாக் தம் பெயரின் நான்கு எழுத்துகளையும் (பி, ஏ, சி, எச்) சுரங்களாக்கி, முடிவுறாமல் நின்றுபோன தம் கடைசி ஃபியூகில் (ஒரே மெட்டைப் பல குரல்கள் அடுத்தடுத்துப் பின்தொடரும் இசைவடிவம்) வைக்க முடிந்தது.

'ஜி'-யை ஆதார சுரமாகக் கொண்டால், அதிலிருந்து சதுர 'பி' நான்கு அரைச்சுரத் தொலைவு, நம் அந்தர காந்தாரம். வட்ட 'பி' மூன்று, சாதாரண காந்தாரம். 17ஆம் நூற்றாண்டு வாக்கில் ஜெர்மானியர் இந்த வேறுபாட்டை எல்லாச் சுருதிகளுக்கும் விரித்து, முதல் வகையை 'டூர்' (கடினம்) என்றும் இரண்டாவதை 'மோல்' என்றும் வழங்கத் தொடங்கினர். பிரெஞ்சுக்காரரும் இத்தாலியரும் ஆங்கிலேயரும் எழுத்தை விட்டுவிட்டு இடைவெளியின் அளவையே பெயராக்கினார்கள்: பெரியது (மேஜர்), சிறியது (மைனர்). என் கணிப்பில் அதுவே தெளிவான வழி.

டச்சு மொழி இரண்டையும் கலந்துகொண்டது. அங்கே மைனருக்குப் பிரெஞ்சிலிருந்து வந்த சொல் வழங்குகிறது. 'மோல்' என்றால் இன்றும் சுரத்தை இறக்கும் குறி மட்டுமே.