கெடு தேதியை எக்செல்லில் சரியாகப் போடுவது எப்படி? – கேள்வி பதில்

கடன் தவணை, புரோநோட்டு, வரி, பில் பாக்கி என்று தேதி சம்பந்தமாக வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஃபார்முலாக்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தாளில் ஆங்கில எழுத்தில் அடியுங்கள். கூகுள் ஷீட்ஸிலும் இவை அப்படியே வேலை செய்யும்.

ஐயா, 2025 ஜனவரி 1 பில்லுக்கு 30 நாள் தவணை. தேதியோடு 30 கூட்டினால் 45688 என்று வருகிறதே? (நூல் கடைக் கணக்கர், ஈரோடு)

விடை சரிதான், தோற்றம்தான் வேறு. எக்செல் 1900 ஜனவரி 1-ஐ ஒன்று என்று வைத்து நாட்களை எண்ணிக்கொண்டே வருகிறது. அந்தக் கட்டத்தின் ஃபார்மட்டைத் தேதிக்கு மாற்றுங்கள், 31-01-2025 என்று தெரியும். நாள் கணக்குக்குக் கூட்டல் குறி போதும்.

ஜனவரி 31-இல் தொடங்கும் மாதத் தவணை. பிப்ரவரி 28 என்று வந்த பிறகு மார்ச், ஏப்ரல் எல்லாமே 28 ஆகிவிடுகிறது. (கூட்டுறவுச் சங்க ஊழியர், நாமக்கல்)

ஒவ்வொரு மாதத்தையும் முந்தைய மாதத்திலிருந்து கணக்கிடுகிறீர்கள். பிப்ரவரியில் இழந்த மூன்று நாள் பிறகு திரும்பக் கிடைக்காது. எல்லாத் தவணைகளையும் முதல் தேதியிலிருந்தே எண்ணுங்கள். முதல் தவணைத் தேதி பி2-இல் இருக்கட்டும். ஏ வரிசையில் அதற்கு எதிரே 0, பிறகு 1, 2, 3 என்று எழுதிக்கொண்டு பி3-இல்

=ஈடேட்($பி$2,ஏ3)

என்று போட்டுக் கீழே இழுங்கள். ஒரு தேதியிலிருந்து நாம் சொல்லும் அத்தனை மாதம் தள்ளிய தேதியைத் தருவதுதான் ஈடேட். பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று ஒழுங்காக வரும். டாலர் குறிகளை விட்டுவிட்டால் மறுபடி முந்தைய வரியிலிருந்து எண்ணத் தொடங்கித் தேதிகள் தவறிவிடும். மாதத் தவணைக்கு 30 நாள் கூட்டுகிறவர்களுக்கும் இதையே சொல்வேன்: ஒப்பந்தத்தில் ‘மாதம்’ என்று இருந்தால் ஈடேட், ‘நாள்’ என்று இருந்தால் கூட்டல். தாளைத் திறக்கும் முன் பத்திரத்தைப் படியுங்கள்.

ஆகஸ்ட் 31 தேதியிட்டு மூன்று மாதக் கெடு எழுதிய புரோநோட்டு. நவம்பரில் 31 இல்லையே, எந்த நாள்? (வழக்கறிஞர் அலுவலக உதவியாளர், மதுரை)

அருமையான கேள்வி. 1881-ஆம் ஆண்டின் மாற்றுமுறை ஆவணச் சட்டம் 23-ஆம் பிரிவிலேயே இதற்கு விடை இருக்கிறது: அந்தத் தேதி அந்த மாதத்தில் இல்லாவிட்டால் மாதத்தின் கடைசி நாள். ஈடேட் செய்வதும் அதையேதான். நோட்டின் தேதி பி2-இல் இருந்தால், 22-ஆம் பிரிவு தரும் சலுகை நாள் மூன்றையும் சேர்த்து

=ஈடேட்(பி2,3)+3

என்று போட்டால் டிசம்பர் 3. சட்டமே தரும் உதாரணத்திலும் 1878 ஆகஸ்ட் 31 நோட்டுக்கு இதே டிசம்பர் 3 தான். கேட்டவுடன் தர வேண்டிய நோட்டுக்குச் சலுகை நாள் கிடையாது. முதிர்வு நாள் பொது விடுமுறையாக இருந்தால், 25-ஆம் பிரிவின்படி அதற்கு முந்தைய வேலை நாள்தான் கெடு. அடுத்த நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடாதீர்கள்.

வங்கித் தவணை விடுமுறையில் விழுந்தால் அடுத்த வேலை நாளுக்குத் தள்ள வேண்டும். இரண்டாம், நான்காம் சனிக்கிழமையை எப்படிச் சொல்வது? (பள்ளி அலுவலர், தஞ்சாவூர்)

வேலை நாட்களை எண்ணும் வொர்க்டே.ஐஎன்டிஎல்லில் அதற்கென்று தனிக் குறியீடு இல்லை. ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான 11-ஐ வைத்துக்கொண்டு, அந்தச் சனிக்கிழமைகளைப் பொங்கல், தீபாவளியோடு விடுமுறைப் பட்டியலிலேயே சேர்த்துவிடுங்கள். ஏ2-இல் மாதத்தின் முதல் தேதி இருந்தால், =ஏ2+14-வீக்டே(ஏ2) இரண்டாம் சனியைத் தரும்; 14-க்குப் பதில் 28 போட்டால் நான்காவது. 2025 ஆகஸ்டுக்குப் போட்டுப் பாருங்கள்: 9, 23. தவணைத் தேதி சி2-இலும் பட்டியல் ஹெச் வரிசையிலும் இருந்தால்,

=வொர்க்டே.ஐஎன்டிஎல்(சி2-1,1,11,$ஹெச்$2:$ஹெச்$60)

ஒரு நாள் பின்னே போய் ஒரு வேலை நாள் முன்னே வருவதால், கெடு நாளே வேலை நாளாக இருந்தால் அது நகராது.

மாதந்தோறும் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டி 3பி படிவத்துக்குக் கெடு போடுவது எப்படி? (அச்சக உரிமையாளர், சிவகாசி)

பில் தேதி பி2-இல் இருந்தால் =ஈஓமந்த்(பி2,0)+20. ஈஓமந்த் அந்த மாதத்தின் கடைசி நாளைத் தருவதால், பில் மாதத்தின் எந்த நாளில் இருந்தாலும் அடுத்த மாதம் 20 வரும். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர் 1 படிவத்துக்கு 20-க்குப் பதில் 11 கூட்டுங்கள். அரசு கெடுவை நீட்டித்தால் ஃபார்முலாவின் மேல் அடிக்காமல் பக்கத்து வரிசையில் எழுதுங்கள்.

எங்களுடையது சிறு உற்பத்தி நிறுவனம். வாங்குபவர் 90 நாள் என்கிறார். கெடுவை எப்படி எழுதுவது? (பனியன் நிறுவனக் கணக்கர், திருப்பூர்)

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் 15-ஆம் பிரிவு உங்கள் பக்கம் நிற்கிறது. எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இருந்தாலும் உச்சவரம்பு 45 நாள். ஒப்பந்தமே இல்லையென்றால் 15. சரக்கை ஏற்றுக்கொண்ட தேதி பி2-இலும் ஒப்பந்த நாட்கள் சி2-இலும் இருந்தால்

=பி2+இஃப்(சி2="",15,மின்(சி2,45))

90 என்று எழுதினாலும் 45-க்கு மேல் போகாது. இந்தத் தேதியை பில்லிலேயே அச்சிட்டு அனுப்புங்கள். பணம் கேட்கும் உரிமை உங்களுக்கு இருக்கிறது, தயங்க வேண்டாம்.

வேறு மென்பொருளிலிருந்து எடுத்த தேதிகளில் சில இடப்பக்கமும் சில வலப்பக்கமும் நிற்கின்றன. (மருந்துக் கடை, காரைக்குடி)

உடனே கவனியுங்கள். கணினி அமெரிக்க முறையில், மாதத்தை முதலில் வைத்துப் படிக்கிறது. 13/04/2025-இல் 13-ஆம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அது வெறும் எழுத்தாக இடப்பக்கம் நிற்கிறது; அதை எளிதில் கண்டுபிடித்துவிடலாம். வலப்பக்கம் நிற்பவைதான் ஆபத்து: ஏப்ரல் 5 சத்தமில்லாமல் மே 4 ஆகியிருக்கும். மருந்தின் காலாவதித் தேதியில் இந்தத் தவறு நேரவே கூடாது. கையால் திருத்த முயலாதீர்கள். அந்தக் கோப்பை மறுபடி எடுத்து, உள்ளே கொண்டுவரும்போதே அந்த வரிசைக்கு ‘நாள்-மாதம்-ஆண்டு’ என்ற வரிசைமுறையைத் தேர்ந்தெடுங்கள். கூகுள் ஷீட்ஸ் என்றால் முதலில் அமைப்புகளில் நாட்டை இந்தியா என்று மாற்றிவிட்டுப் பிறகு ஏற்றுங்கள்.