குறைந்த செலவில், பழைய பொருட்களை வைத்தே டைனிங் ரூமை அழகாக அமைக்க முடியுமா?

முடியும். நாங்கள் இருப்பது சென்னையில், வாடகை வீடு. ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே பத்துக்கு ஒன்பது அடி இடம். அங்கே இருக்கும் மேசை, நாற்காலி, பெஞ்சு, விளக்கு எல்லாமே யாரோ ஏற்கெனவே புழங்கியவை. மொத்தச் செலவு 23,000 ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. முதல் தடவை ஏமாந்த காசு இந்தக் கணக்கில் இல்லை. அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

இணையத்தில் ஒரு விளம்பரம்: தேக்கு டைனிங் செட், ஆறு நாற்காலி, வீடு காலி செய்வதால் அவசர விற்பனை, 6,000 ரூபாய். ராத்திரி எட்டு மணிக்குப் போய், டியூப்லைட் வெளிச்சத்தில் பார்த்தேன். மேசைமேல் பூப்போட்ட பிளாஸ்டிக் விரிப்பு. அதைத் தூக்கிப் பார்க்கக் கூச்சம். அவர்கள் காபி வேறு கொடுத்துவிட்டார்கள். வீட்டுக்கு வந்த மூன்றாவது வாரம், தண்ணீர்ச் சொம்பு வைக்கும் மூலை அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டது. தேக்கு என்பது மேலே ஒட்டியிருந்த மெல்லிய தோல் மட்டும்தான், உள்ளே இருந்தது மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிக்கிள் போர்டு. அது ஒருமுறை தண்ணீரைக் குடித்து ஊதிவிட்டால் எந்த ஆசாரி வந்தாலும் பழையபடி ஆகாது. 1,500 ரூபாய்க்குத் தள்ளிவிட்டேன்.

அதனால் நான் சொல்வது இதுதான்: செட்டாக வாங்காதீர்கள். செட் என்றால் நம் கண் எண்ணிக்கையைத்தான் பார்க்கும், மரத்தைப் பார்க்காது. மேசையைத் தனியாக வாங்குங்கள், கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கை அதில் போடுங்கள். நாற்காலிகள் மெதுவாக வந்து சேரட்டும்.

மேசை பார்க்கப் பகலில் போங்கள். முட்டி போட்டு அடியில் எட்டிப் பாருங்கள். கடைக்காரர்கள் மேல்பக்கத்துக்குத்தான் பாலிஷ் போடுவார்கள், அடிப்பக்கம் பொய் சொல்லாது. பலகையின் மேல் ஓடும் ரேகை விளிம்பில் திரும்பி அடிவரை தொடர்ந்தால் முழு மரம். விளிம்பில் பட்டையாக ஏதோ ஒட்டியிருந்தாலோ, மேலே ஒரு ரேகையும் அடியில் வெறும் பழுப்புமாக இருந்தாலோ கிளம்பிவிடுங்கள். அப்புறம் மேசையின் ஒரு மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். மூட்டு லேசாக ஆடினால் பரவாயில்லை, பசை போட்டு இறுக்கிவிடலாம். அதைக் காட்டியே விலையையும் குறைக்கலாம்.

எனக்குக் கடைசியில் கிடைத்தது டைனிங் டேபிளே இல்லை. மூடிப்போன ஏதோ ஒரு அலுவலகத்தின் தேக்கு மேசை, ஐந்துக்கு மூன்று அடி, 8,500 ரூபாய். எழுதுமேசையும் சாப்பாட்டு மேசையும் உயரத்தில் ஒன்றுதான், இரண்டரை அடி. ஆனால் நடுவில் இருந்த டிராயர் முட்டியில் இடித்தது. கார்பெண்டர் அதைக் கழற்றி முன்பலகையை மட்டும் பொருத்திக் கொடுத்தார். டிராயருக்குள் துருப்பிடித்த குண்டூசிகளும், காய்ந்து கறுத்த மைக்கறையும். என் அம்மாவுக்கு இதில் ஒரு பெரிய நிம்மதி. பழைய சாமான் என்றாலே "யார் வீட்டுது? செத்தவங்க வீட்டுதா?" என்பதுதான் அவரது முதல் கேள்வி. "ஆபீஸ் மேசைம்மா" என்றதும் முகம் தெளிந்துவிட்டது. ஆபீஸில் யாரும் சாவதில்லை போல.

விலை பேசும்போதே குட்டியானை வாடகை, ஏற்றி இறக்கும் கூலி, பாலிஷ் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். எனக்கு வண்டிக்கும் கூலிக்கும் 1,500, டிராயர் வேலை, பாலிஷ் எல்லாம் சேர்த்து 4,500. அதாவது 8,500 ரூபாய் மேசை 14,500 ஆகிவிட்டது. மாடிப்படித் திருப்பத்தையும் முன்கூட்டியே டேப் வைத்து அளந்துவிடுங்கள். கால்களைக் கழற்ற முடியாத மேசை என்றால் அங்கேதான் மாட்டும்.

பாலிஷில் ஒரு விஷயம். பழைய மரச்சாமான் என்றதும் பலரும் அரக்கும் ஸ்பிரிட்டும் கலந்த பிரெஞ்சு பாலிஷ் போடச் சொல்வார்கள். பார்க்க அழகுதான், ஆனால் சூடான குழம்புச் சட்டியை வைத்தால் வெள்ளை வட்டம் விழுந்துவிடும். சாப்பாட்டு மேசையின் மேல்பலகைக்கு மெலமைன் அல்லது பியூ (பாலியூரிதேன்) பூச்சு போடுங்கள், கால்களுக்கு எது வேண்டுமானாலும் இருக்கட்டும். உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும்போது மேல்பலகையில் இருந்த ஒரு மைக்கறையை மட்டும் விட்டுவிடச் சொன்னேன். பாலிஷ்காரருக்கு அதில் சம்மதமே இல்லை.

நாற்காலிகள் நான்கு, மூன்று விதம். இரண்டு பிரம்பு பின்னியவை தலா 900, ஒன்று 600, இன்னொன்று மாமியார் வீட்டுப் பரணிலிருந்து. ஜோடி சேராதவை அழகாகத் தெரிவதற்கு இரண்டு விஷயம் போதும். உட்காரும் உயரம் எல்லாவற்றிலும் ஒன்றாக, சுமார் ஒன்றரை அடியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் ஒருவர் தட்டைப் பார்த்துக் குனிய, இன்னொருவர் முழங்கையைத் தூக்கிக்கொண்டு சாப்பிட வேண்டியிருக்கும். அடுத்தது, எல்லாவற்றுக்கும் ஒரே நிறப் பாலிஷ். பிரம்பு தொய்ந்திருந்தால் உடனே மாற்ற வேண்டாம். அடிப்பக்கத்தை ஈரத்துணியால் நன்றாக நனைத்துக் காயவிட்டால் ஓரளவு இழுத்துக்கொள்ளும். பிரம்பு அறுந்திருந்தால்தான் புதிதாகப் பின்ன வேண்டும்.

அந்த 600 ரூபாய் நாற்காலி ஒரு வாரம் எங்களைப் படுத்தியெடுத்தது. காலையில் பெருக்கும்போது அதன் பின்கால் அருகே ரவை தூவினாற்போல் மஞ்சள் தூள். பெருக்கினால் மறுநாளும் அதே இடத்தில். உற்றுப் பார்த்தால் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள். மரத்தைத் துளைக்கும் வண்டு. கார்பெண்டர் வந்து ஒவ்வோர் ஓட்டையிலும் ஊசியால் மருந்து ஏற்றி, மெழுகு வைத்து அடைத்தார். பிறகு எங்காவது புது ஓட்டை தெரிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார். இதுவரை இல்லை. பழைய ஓட்டை மட்டும் இருந்து தூள் வரவில்லை என்றால் பயப்பட வேண்டாம், வண்டு எப்போதோ போயிருக்கும்.

சுவர்ப் பக்கம் நாற்காலி போடாமல் 1,500 ரூபாய்க்கு ஒரு பழைய பள்ளிக்கூட பெஞ்சைப் போட்டோம். நாற்காலியை இழுத்து உட்கார்ந்து எழுந்திருக்க அதன் பின்னால் இரண்டரை மூன்று அடி வேண்டும். பெஞ்சைச் சுவரோடு ஒட்டிப் போட்டுவிடலாம். பரிமாறும் சாமான் வைக்க ஒரு பழைய தையல் மிஷினின் இரும்பு ஸ்டாண்டு, அதன்மேல் கிரானைட் கடையில் வெட்டி மிஞ்சிய துண்டு. இரண்டும் சேர்ந்து 2,300. குழந்தைகள் இருக்கும் வீடு என்றால் மிதிகட்டையையும் சக்கரத்தையும் அசையாமல் கம்பி போட்டுக் கட்டிவிடுங்கள்.

விளக்குதான் அறையை மாற்றியது. படங்களில் மேசைக்கு நேர்மேலே விளக்கு தொங்கும். நம் வீட்டில் அந்த இடத்தில் ஃபேன் சுற்றும். மே மாதச் சென்னையில் ஃபேனைக் கழற்றுகிறேன் என்று சொல்லிப் பாருங்கள். அதனால் சுவரில் ஒரு வளைகம்பி அடித்து, மேசைப் பலகையிலிருந்து மூன்றடி உயரத்தில் பழைய எனாமல் விளக்கு மூடி ஒன்றைத் தொங்கவிட்டோம். டியூப்லைட்டை அணைத்துவிட்டு மஞ்சள் வெளிச்சத்தில், அதாவது 2700 கெல்வின் எல்இடி பல்பில், சாப்பிட்டுப் பாருங்கள். ரசம் சாதம்கூட விருந்து மாதிரி இருக்கும்.

அந்த எனாமல் மூடி காரைக்குடியில் வாங்கியது. அங்கே முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, ஊறுகாய் ஜாடி, ஒரு காலத்தில் ஸ்வீடனிலிருந்து வந்த எனாமல் பாத்திரங்கள் எல்லாம் குவிந்து கிடக்கும். சுற்றுலாப் பயணிகள் வருவதால் விலை ஒன்றும் மலிவில்லை. பெரிய சாமானுக்காக அங்கே போகாதீர்கள், சின்னதாக ஒன்றிரண்டுக்குப் போங்கள். பழைய எனாமல் தட்டைச் சுவரில் மாட்டலாம். பூச்சு உதிர்ந்திருந்தால் அதில் சாப்பிட வேண்டாம்.

கடைசியாக, குஷன் தைத்த நாற்காலியைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி ஒருமுறை வீட்டுக்குள் வந்துவிட்டால் பூச்சி மருந்துக்காரருக்குக் கொடுக்கும் காசில் புது செட்டே வாங்கிவிடலாம். வேண்டுமானால் வாசலிலேயே துணியையும் பஞ்சையும் உரித்துப் போட்டுவிட்டு, கட்டையை மட்டும் உள்ளே கொண்டுவாருங்கள்.