பதினான்கு பெட்டிகளை அம்புக்குறியால் இணைத்தால் ஒருங்கிணைந்த கோட்பாடு ஆகுமா?

கேள்வி: வெள்ளவத்தையில் இருந்துகொண்டு கணினி அறிவியலில் முதுமாணி செய்கிறேன். தமிழில் ரைப் அடிக்கத் தெரிந்தவர்களே ஏன் தங்கிலிஷுக்கு (ஆங்கில எழுத்தில் எழுதும் தமிழுக்கு) தாவுகிறார்கள் என்பது என் ஆய்வு. "கோட்பாட்டுச் சட்டகம் எது?" என்று மேற்பார்வையாளர் கேட்டார். யூடாட் (UTAUT, தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது பற்றிய மாதிரி), செயல்நினைவு மாதிரி (தகவலைச் சற்று நேரம் மனதில் வைத்திருப்பது பற்றியது), மூளையின் முன்கணிப்புக் கோட்பாடு (அடுத்து வருவதை மூளை எப்போதும் ஊகித்துக்கொண்டே இருக்கிறது என்பது) மூன்றையும் சேர்த்துப் பதினான்கு பெட்டிகளோடு ஒரு படம் வரைந்தேன். 'ஒருங்கிணைந்த மாதிரி' என்று பெயரும் வைத்தேன். அவருக்குப் பிடிக்கவில்லை. எங்கே பிழைத்தது?

பதில்:

உங்கள் தலைப்பு அருமையானது, அதை விட்டுவிடாதீர்கள். 'ஒருங்கிணைந்த' என்ற சொல்தான் உங்களை வழிதவற வைத்திருக்கிறது. அந்த ஒரே சொல்லை இரண்டு துறைக்காரர்கள் வெவ்வேறு பொருளில் ஆள்கிறார்கள்.

யூடாட் என்பது 2003இல் விசுவநாத் வெங்கடேஷும் அவருடைய சக ஆய்வாளர்கள் மூவரும் வெளியிட்டது. தொழில்நுட்பத்தை மக்கள் ஏற்பது பற்றி அதற்கு முன்பிருந்த எட்டு மாதிரிகளை ஒப்பிட்டு, ஒன்றோடொன்று ஒத்துப்போன கருத்துகளைச் சேர்த்து, நான்கு முக்கிய காரணிகளாகச் சுருக்கினார்கள். இதனால் வேலை நன்றாக நடக்குமா, பழகுவது சுலபமா, சுற்றியிருப்பவர்கள் என்ன சொல்வார்கள், வசதியும் உதவியும் கைக்கெட்டுமா என்பவையே அந்த நான்கு. ஒரு அலுவலகத்துக்குப் புது மென்பொருள் வந்தால் ஊழியர்கள் அதைப் பயன்படுத்த நினைப்பார்களா என்று வினாக்கொத்துக் கொடுத்துக் கேட்க அது நல்ல கருவி. கொழும்பில் ஆய்வேடு எழுதும் பிள்ளைகள் பலர் அதையே எடுப்பதற்கும் இந்த வசதிதான் காரணம் என்று நினைக்கிறேன்.

மற்றப் பொருள், மனம் இயங்கும் விதத்தைக் கணினி மாதிரிகளால் ஆராய்ந்த அலன் நியூவெலிடமிருந்து வருகிறது. 1973இல் அவர் தன் துறையினரிடம் ஒரு மனக்குறையை வெளிப்படையாகச் சொன்னார். மனம் வேலைகளைத் தொடராகச் செய்கிறதா சமாந்தரமாகவா, இது பிறப்பில் வந்ததா பழக்கத்தில் வந்ததா என்று இரட்டைக் கேள்விகளாகவே கேட்டுக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பரிசோதனை நடத்திக்கொண்டு போனால் இயற்கையை ஒருநாளும் வெல்ல முடியாது என்றார். பல வேலைகளையும் ஒரே கட்டமைப்பால் செய்துகாட்டும் முழுமையான மாதிரி வேண்டும் என்பது அவர் வாதம். 1987இல் ஹார்வர்டில் ஆற்றிய உரைகளில் அதை விரித்தார். அவை 1990இல் நூலாயின. அவரும் ஜோன் லெயார்டும் போல் ரோசன்புளூமும் கட்டிய 'சோர்', மனம் வேலை செய்யும் விதத்தைக் கணினி நிரலாகச் செய்துகாட்டும் கட்டமைப்பு, அந்த வழியில் வந்தது. ஜோன் அண்டர்சனின் 'ஆக்ட்-ஆர்' அதே வகையைச் சேர்ந்த இன்னொரு கட்டமைப்பு, அதன் பக்கத்து வீடு.

நியூவெலின் ஒருங்கிணைப்பு, உள்ளே எத்தனை பெட்டி இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல. ஒரு வேலையில் அளந்து நிறுத்திய எண்ணை அடுத்த வேலைக்கும் அப்படியே கொண்டுபோக வேண்டும். இடையில் நம் வசதிக்கு மாற்றக்கூடாது. அந்தக் கட்டுப்பாடுதான் ஒருங்கிணைப்பு. உங்கள் பதினான்கு பெட்டிகளில் எதற்கும் அப்படியொரு எண் இல்லை. ஆகவே எந்தத் தரவு வந்தாலும் படம் தோற்காமல் தப்பித்துக்கொள்ளும். மேற்பார்வையாளருக்கு உறுத்தியது இதுவாகத்தான் இருக்கும்.

இன்னொன்று, கால அளவு. மனிதச் செயலை நியூவெல் நேரத்தின்படி அடுக்குகளாகப் பிரித்தார். நரம்பணுக்கள் இயங்குவது சில மில்லிவினாடிகளில். ஒரு சொல்லை நினைவுக்கு எடுப்பதும் ஒரு விசையைத் தட்டுவதும் பத்திலொரு வினாடியிலிருந்து சுமார் பத்து வினாடி வரை. யோசித்து ஒரு வேலையை முடிப்பது நிமிடங்கள், மணித்தியாலங்கள். சமூகப் பழக்கம் மாறுவது நாட்கள், மாதங்கள். யூடாட் இருப்பது கடைசி அடுக்கில், தட்டச்சு நடப்பது இரண்டாவது அடுக்கில். நீங்கள் ஒன்றிலிருந்து மற்றதற்கு ஒரு அம்புக்குறியால் தாவியிருக்கிறீர்கள். நடுவில் என்ன நடக்கிறது என்று அந்த அம்பு சொல்லவில்லை.

இனி உங்கள் ஆய்வுக்கு வருவோம். வெள்ளவத்தையில் ஒரு கொமினிகேஷன் கடையில் கல்யாண அட்டை, மரண அறிவித்தல் எல்லாம் ரைப் அடிக்கும் அக்கா ஒருவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துருவின் விசையமைப்பில் அடிக்கும்போது அவர் விசைப்பலகையைப் பார்ப்பதே இல்லை. கண் முழுக்க வாடிக்கையாளர் கொண்டுவந்த கையெழுத்துத் தாளில்தான். பிறகு ஒருவர் மின்னஞ்சலில் அனுப்ப யூனிகோடில் கேட்டார். அக்கா ஆங்கில எழுத்தில் அடித்தால் தமிழாக மாறும் ஒலிபெயர்ப்புக் கருவியைத் திறந்தார். 'கொழும்பு' என்று தொடங்கி, ழகரம் வந்ததும் விரல் அந்தரத்தில் நின்றது. 'z' போடுவதா, 'zh' போடுவதா, பெரிய 'L' போடுவதா?

அந்தத் தயக்கத்தை எண்ணிப் பாருங்கள். ஸ்டூவர்ட் கார்ட், தோமஸ் மோரன், நியூவெல் மூவரும் 1980இல் வெளியிட்ட விசைத்தட்டல் மாதிரிப்படி, சராசரித் தேர்ச்சியுள்ள தட்டச்சாளருக்கு ஒரு விசைக்கு 0.2 வினாடி. மனதில் ஒருமுறை யோசித்து ஆயத்தமாக 1.35 வினாடி. பாமினியில் 'கொழும்பு' ஏழு விசை. அதில் 'ழு'வுக்கும் 'பு'வுக்கும் ஷிப்ட் அழுத்த வேண்டும், மாதிரி அதையும் தனித் தட்டலாக எண்ணும். ஆக ஒன்பது தட்டல், 1.8 வினாடி. ஒலிபெயர்ப்பில் ழகரத்துக்கு இசட் என்று வைத்தால் ஏழே தட்டல், 1.4 வினாடி. தட்டலை மட்டும் எண்ணினால் ஒலிபெயர்ப்பே வெல்ல வேண்டும். அந்த ஒரு தயக்கத்தைச் சேர்த்தால் 2.75 வினாடி, பாமினி முந்திவிடுகிறது.

இங்கேதான் ஒருங்கிணைந்த கோட்பாடு உண்மையில் கைகொடுக்கும். தயக்கத்தை எங்கே வைப்பது என்பதை நாமே முடிவுசெய்தால் எந்த விடையையும் வரவழைக்கலாம். ஆக்ட்-ஆர் அதை நினைவாற்றலிடமிருந்து வருவிக்கச் சொல்கிறது. ஒரு விடயத்தைப் பயன்படுத்தும் ஒவ்வொரு முறையும் ஒரு தடம் பதிகிறது. காலம் நான்கு மடங்கானால் அந்தத் தடத்தின் வலு பாதியாகிறது. அந்தத் தேய்வு எண், 0.5, பலவகையான பரிசோதனைகளின் மாதிரிகளில் மாற்றாமல் வைத்திருப்பது. உங்கள் ஆய்வுக்காக அதைத் தொடாதீர்கள். இன்னொன்று, அண்டர்சன் 1974இல் காட்டிய விசிறி விளைவு. ஒரு குறிப்போடு எத்தனை விடயங்கள் கட்டுண்டு கிடக்கின்றனவோ, அத்தனைக்கு அதிலிருந்து ஒன்றை எடுப்பது மெதுவாகும். ழகரத்துக்கு ஒரு கருவியில் ஒரு விசை, இன்னொன்றில் இன்னொன்று. லகர ளகரங்களும் பக்கத்தில் நின்று இழுக்கும். முழுத் தங்கிலிஷில் எழுதுபவர் பெரும்பாலும் மூன்றுக்கும் ஒரே 'l' எழுத்தைப் போட்டுவிட்டு நகர்கிறார், அவருக்கு அந்தத் தேடலே இல்லை. மக்கள் தங்கிலிஷுக்குத் தாவும் காரணத்தில் ஒரு பங்கு இதில் இருக்கலாம் என்பதுதான் உங்கள் கருதுகோள்.

பரிசோதிப்பது கடினமில்லை. மழை, பழம், பள்ளம், வண்ணம் போன்று மயங்கும் எழுத்துள்ள சொற்களையும், படம், கடை போன்று மயக்கம் இல்லாதவற்றையும் நீளம் பொருந்தும்படி தெரிவுசெய்யுங்கள். பாமினி பழகியவர்களிடமும் ஒலிபெயர்ப்பு மட்டும் தெரிந்தவர்களிடமும் இரண்டு வகையையும் அடிக்கச் சொல்லுங்கள். விசைகளுக்கு இடையிலான நேரத்தைப் பதிவுசெய்ய அவர்களின் சம்மதத்தைக் கையெழுத்தோடு வாங்குங்கள். சொல் பரிந்துரை வசதியைக் கட்டாயம் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது கருவியின் நினைவை. மயங்கும் எழுத்துக்குச் சற்று முன்னால் ஒலிபெயர்ப்பில் இடைவெளி நீள வேண்டும், பாமினியில் நீளக்கூடாது. கடைசியாக எப்போது தமிழில் அடித்தார் என்பதைப் பொறுத்தும் அந்த இடைவெளி மாற வேண்டும். எண்களைத் தரவு சேர்க்க முன்னரே கணித்து, திகதி போட்டு மேற்பார்வையாளரிடம் கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கடைசி வேலையைப் பலர் தவிர்க்கிறார்கள். எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். சேத் ரொபர்ட்ஸும் ஹரோல்ட் பாஷ்லரும் 2000இல் எழுதியதும் இதைத்தான்: தரவோடு மாதிரி நன்றாகப் பொருந்துகிறது என்பது மட்டும் ஆதாரமாகாது, எந்தத் தரவு வந்திருந்தால் அது தோற்றிருக்கும் என்றும் சொல்ல வேண்டும். தோற்கக்கூடிய கணிப்பின் மதிப்புக்கு ஒரு நல்ல சான்று, 1993இல் வெளியான ஏர்னஸ்டீன் ஆய்வு. அமெரிக்கத் தொலைபேசி நிறுவனம் ஒன்று அழைப்புகளைக் கையாளும் இயக்குநர்களுக்கு (ஒப்பரேட்டர்களுக்கு) புதிய கணினி வாங்க இருந்தது, அது வேகமானது என்றே எல்லோரும் நம்பினார்கள். அதே விசைத்தட்டல் குடும்பத்து மாதிரியை வைத்துக் கணித்தவர்கள், ஒவ்வொரு அழைப்பும் சராசரியாக அரை வினாடிக்குச் சற்று மேலாகத் தாமதிக்கும் என்றார்கள். பணியிடத்தில் வைத்துப் பார்த்தபோது அப்படியே நடந்தது. புதிய கணினி குறைத்த தட்டல்கள் இயக்குநர் எப்படியும் காத்திருக்கும் நேரத்தில் இருந்தவை. அது கூட்டிய தட்டல்களோ அழைப்பின் முடிவில், காத்திருப்பே இல்லாத இடத்தில் வந்து விழுந்தன.

முன்கணிப்புக் கோட்பாட்டை இந்த ஆய்வேட்டில் விட்டுவிடுங்கள். கார்ல் பிரிஸ்டன் 2010இல் எழுதிய கட்டுரையின் தலைப்பே, இது ஒருங்கிணைந்த மூளைக் கோட்பாடா என்று கேள்விக்குறியோடுதான் இருக்கிறது. ஆழமான சிந்தனைதான், ஆனால் ழகரத்தில் எத்தனை மில்லிவினாடி தாமதம் என்று அதிலிருந்து உங்கள் ஆய்வுக் காலத்துக்குள் எடுக்க முடியாது. செயற்கை நுண்ணறிவையே மனித மாதிரியாக வைக்கலாமா என்றும் உங்களிடம் கேட்பார்கள். 2025இல் நேச்சர் இதழில் வந்த 'சென்டோர்', 160 பரிசோதனைகளின் தரவில் பயிற்றப்பட்ட மொழி மாதிரி. பங்குபற்றியவர்களின் தெரிவுகளைப் பழைய மாதிரிகள் பலவற்றைவிட நன்றாக ஊகிக்கிறது. நன்றாக ஊகிப்பது விளக்கம் ஆகுமா என்ற வாதம் நடந்துகொண்டிருக்கிறது. நான் ஆகாது என்ற பக்கம். விரல் ஏன் நின்றது என்று அதனால் சொல்ல முடிந்தால் பக்கம் மாறுவேன்.

யூடாட்டைத் தூக்கி எறிய வேண்டாம். வீட்டார் எதில் எழுதுகிறார்கள், நண்பர்கள் என்ன நினைப்பார்கள் என்பதெல்லாம் தங்கிலிஷில் பெரிய பங்கு வகிக்கும். அதற்கு ஒரு தனி அத்தியாயமும் ஒரு சிறிய வினாக்கொத்தும் போதும், அம்புக்குறி வேண்டாம். முதலில் அந்தக் கடைக்குப் போங்கள், கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்து. அக்காவிடம் அனுமதி கேட்டு ஒரு மணித்தியாலம் பக்கத்தில் இருந்து, விரல் எந்த எழுத்துகளில் நிற்கிறது என்று மட்டும் குறித்துக்கொண்டு வாருங்கள். உங்கள் சொற்பட்டியல் அதிலிருந்தே வரும்.