டச்சு விமானி அப்பா: வாசகர் கேள்வி-பதில்

டச்சு விமானிகளின் இரண்டாம் உலகப் போர்க்காலப் பதிவுகளைப் பற்றிப் போன தடவை எழுதியதற்குக் கடிதங்கள் குவிந்துவிட்டன. டச்சுக் குடும்பங்களில் சம்பந்தம் வைத்திருக்கும் நம்மவர்கள் இத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. பிறந்த தேதி எழுதியவர்கள் மட்டும் மூன்றே பேர்.

என் மாமனார் போரில் விமானி. குடும்பப் பெயர் டி யோங். விவரம் கிடைக்குமா?

நெதர்லாந்தில் டி யோங்குகள் 80 ஆயிரத்துக்கு மேல். முழுப் பெயரும் பிறந்த தேதியும் இல்லாமல் எனக்கும் எழுத வேண்டாம், காப்பகத்துக்கும் எழுத வேண்டாம்.

மாமனார் பிரிட்டனின் ராயல் ஏர்ஃபோர்ஸில், 320 ஸ்குவாட்ரன் என்ற விமான அணியில் மிட்செல் குண்டுவீச்சு விமானம் ஓட்டியதாகச் சொல்வார். பிரிட்டனுக்கு எழுதினால் அப்படி ஒருவரின் கோப்பே இல்லை என்று பதில் வருகிறது. அவர் சொன்னது கதையா?

கதை இல்லை. நீங்கள் தட்டியது தப்பான கதவு. இதைப் பத்துத் தடவையாவது எழுதியிருப்பேன்: மனிதரின் காகிதம் சம்பளம் கொடுத்தவரிடம் இருக்கும், விமானத்தின் காகிதம் உத்தரவு போட்டவரிடம் இருக்கும். 320 என்பது பிரிட்டிஷார் கொடுத்த எண். ஆட்களில் பெரும்பாலோர் டச்சுக் கடற்படையின் விமானப் பிரிவினர். 1940 மே மாதம் நெதர்லாந்து ஜெர்மனியிடம் விழுந்தபோது ஃபோக்கர் கடல் விமானங்களில் தப்பி வந்தவர்களை வைத்து, ஜூன் 1 அன்று வேல்ஸின் பெம்ப்ரோக் டாக்கில் தொடங்கிய ஸ்குவாட்ரன் அது. உடுப்பு, பதவி, சம்பளம் மூன்றும் டச்சு. ஆகவே அவருடைய பணிக் கோப்பை டச்சுப் பாதுகாப்பு அமைச்சகத்திடம் கேளுங்கள். இறப்புச் சான்றும் உறவுச் சான்றும் சேர்த்து அனுப்புங்கள். பிறந்த தேதியை மறக்காதீர்கள்.

'டச்சு விமானப்படை' என்று மொட்டையாகக் கேட்காதீர்கள். அப்படி ஒரு தனிப்படை 1953-இல்தான் வந்தது. போர்க்காலத்தில் தரைப்படைக்கு ஒரு விமானப் பிரிவு, கடற்படைக்கு ஒன்று, கிழக்கிந்தியக் (இன்றைய இந்தோனேசியா) காலனிப் படைக்கு ஒன்று. எந்தப் பிரிவு என்று தெரியாமல் எழுதினால் உங்கள் கடிதம் மேசைக்கு மேசை சுற்றும்.

பிரிட்டனில் உங்களுக்கு வேலையே இல்லை என்று சொல்லவில்லை. ஸ்குவாட்ரனின் அன்றாடப் பதிவேடு லண்டன் கியூவில் உள்ள தேசியக் காப்பகத்தில், ஏர் 27 வரிசையில் இருக்கிறது. அதில் படிவம் 540 நாள்வாரிச் சுருக்கம். எல்லாரும் அதைப் படித்துவிட்டு மூடிவிடுகிறார்கள். வேண்டியது 541. எந்த விமானம், யார் யார் ஏறினார்கள், எத்தனை மணிக்குக் கிளம்பியது, எத்தனை மணிக்கு இறங்கியது என்று வரிவரியாக இருக்கும். 'ஃபான் டெர்' என்று தொடங்கும் பெயரை டச்சுக்காரர்கள் அடுத்து வரும் சொல்லை வைத்து வரிசைப்படுத்துவார்கள், ஆங்கில எழுத்தரோ 'வி'யில் போட்டிருப்பார். இரண்டிலும் தேடுங்கள்.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. வீட்டுப் பேச்சில் பறந்தவர் எல்லாரும் விமானிதான். மிட்செலில் வழிகாட்டி இருப்பார், சுடுநர்கள் இருப்பார்கள். மாமனார் அவர்களில் ஒருவர் என்று தெரியவந்தால் மனம் சோர வேண்டாம். டச்சுக் கடற்படை வழக்கத்தில் வழிகாட்டியே விமானத்துக்குத் தலைவராக இருப்பதும் உண்டு.

பழைய படத்தில் விமானத்தின் உடலில் ஒரு முக்கோணம் தெரிகிறது. ஜெர்மன் அடையாளமா? பயமாக இருக்கிறது.

பயப்பட ஒன்றுமில்லை. ஆரஞ்சு முக்கோணம், கறுப்பு ஓரம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நிறம் தெரியவில்லை, அவ்வளவுதான். பழைய சிவப்பு-வெள்ளை-நீல வட்டம் தூரத்திலிருந்து பிரிட்டிஷ், பிரெஞ்சு விமானம் போலத் தெரியும். நடுநிலை நாட்டுக்கு அது ஆபத்து. அதனால் 1939-இல், போர் தொடங்கிய கையோடு மாற்றினார்கள். அப்புறம், படத்தின் பின்புறத்தைப் பார்த்தீர்களா? ஒருவரும் பார்ப்பதில்லை. ஆல்பத்தில் ஒட்டியிருந்தால் பிய்க்காதீர்கள்.

1943 கடிதம் ஒன்றில் 'ஜாக்சன், மிஸ்.' என்று இருக்கிறது. யார் இந்தப் பெண்?

அவர் பெண் இல்லை, ஊர். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்து ஜாக்சன். டச்சுக் கிழக்கிந்தியாவின் ஜாவா தீவு ஜப்பானிடம் விழுந்த பிறகு, 1942 முதல் 1944 தொடக்கம் வரை டச்சு ராணுவப் பறப்புப் பள்ளி அங்கேதான் நடந்தது. மாமியாரிடம் சொல்லி அவர் மனதை ஆற்றுங்கள்.

ஜாவாவில் பிடிபட்ட மாமனாரின் ஜப்பானியக் கைதி அட்டை கிடைத்தது. பிடிபட்ட தேதி 17-3-8 என்கிறது. அவர் பிறந்ததே 1915-இல். வேறு ஆளின் அட்டையோ?

அவருடையதேதான். 17 என்பது ஷோவா ஆண்டு, ஜப்பானியப் பேரரசரின் ஆட்சியை வைத்து எண்ணுவது, அதாவது 1942. ஆண்டு முதலில், நாள் கடைசியில். 1942 மார்ச் 8, ஜாவா சரணடைந்த நாள். அட்டையில் பெற்றோர் பெயர் இருக்கும், சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

மாமனார் 1940 மே மாதம் ஃபோக்கர் டி.21 சண்டை விமானம் ஓட்டிய அதிகாரி. 1942-இல் ஜெர்மனிக்குப் போயிருக்கிறார். குடும்பத்தில் யாரும் வாய் திறப்பதில்லை. காட்டிக் கொடுத்தவரா?

தேதியைப் பாருங்கள். 1942 மே 15 என்றால் விடை அதிலேயே இருக்கிறது. வழக்கமான பதிவு என்று சொல்லி ஜெர்மானியர்கள் டச்சு நிரந்தர அதிகாரிகளை ராணுவக் குடியிருப்புகளுக்கு வரவழைத்து, சுமார் 2,000 பேரை அப்படியே ரயிலேற்றினார்கள். முதலில் நியூரம்பர்க், பிறகு இன்றைய உக்ரைனில் உள்ள ஸ்டானிஸ்லாவ், போர்க்கைதிகளாக. கையில் ஒரு சின்னப் பெட்டியோடு போனவர்கள் மூன்று வருடம் கழித்துத் திரும்பினார்கள். 1940 மே மாதத்து ஐந்து நாள் சண்டையைப் பற்றி அதிகாரிகள் பிற்பாடு எழுதிய அறிக்கைகள் தி ஹேக்கில் உள்ள ராணுவ வரலாற்று நிறுவனத்தில் இருக்கின்றன. அவர் கையால் எழுதியதே கிடைக்கலாம்.

நான் திருகோணமலை. கணவரின் அப்பா போரின்போது 'சிலோனில் இருந்தேன்' என்பாராம். டச்சுக்காரருக்கு அங்கே என்ன வேலை?

உங்கள் ஊர்ச் சீனன்குடாதான்! கிழக்கிந்தியத் தீவுகளிலிருந்து தப்பிய கேட்டலினா பறக்கும் படகுகளை (நீரில் இறங்கும் விமானங்கள்) வைத்து 1942 ஆகஸ்டில் 321 ஸ்குவாட்ரனை அங்கே மறுபடி அமைத்தார்கள். இந்தியப் பெருங்கடலில் நீர்மூழ்கிக் கப்பல் தேடும் வேலை, ஒரே மூச்சில் 15 மணி நேரத்துக்கு மேலும் பறப்பார்கள். இன்றைக்கு அங்கே இலங்கை விமானப்படை இருக்கிறது. உள்ளே போய்த் தேட முடியாது, தேடினாலும் காகிதம் கிடைக்காது. காகிதம் எங்கே என்று மேலே இரண்டாவது பதிலில் சொல்லிவிட்டேன். அவர் பிறந்த தேதியை எழுதி அனுப்புங்கள்.