வாசகர் கேள்விகள்: ஒரு தகவலுக்கு ஒரே இடம்

கேள்வி: எங்கள் நிறுவனத்தில் வாடிக்கையாளர் பட்டியல், ஆர்டர், பில் எல்லாமே எக்செல்லில்தான் இருக்கின்றன. பதினைந்து பேர் கையாளுகிறோம். டேட்டாபேஸுக்கு மாறுங்கள் என்கிறார்கள். எக்செல்லில் அப்படி என்ன குறை? மாறுவதென்றால் எங்கே தொடங்குவது?

பதில்: கணக்குப் போட்டுப் பார்க்க எக்செல் அருமையான கருவி. பலர் கைவைக்கும் பதிவேடாக அதைப் பயன்படுத்தும்போதுதான் சிக்கல். ஒரு வாடிக்கையாளரின் முகவரி ஆர்டர் ஃபைலிலும் இருக்கும், பில் ஃபைலிலும் இருக்கும். அவர் வீடு மாறினால் ஒன்றில் திருத்துவார்கள். மற்றது அப்படியே கிடக்கும். ஆறு மாதம் கழித்து எது சரி என்று யாராலும் சொல்ல முடியாது.

அதைவிட மோசம், எக்செல் சத்தமில்லாமல் செய்யும் மாற்றங்கள். பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணை அடித்தால் அந்தப் பூஜ்யம் காணாமல் போகும். எண்களில் முதல் 15 இலக்கங்களைத்தான் அது காப்பாற்றும். 16 இலக்க அட்டை எண்ணை எண்ணாகவே அடித்தால் கடைசி இலக்கம் 0 ஆகிவிடும். பழைய எக்ஸ்எல்எஸ் வடிவத்தில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான். 2020 இலையுதிர்காலத்தில் இங்கிலாந்தில் கொரோனா பரிசோதனை முடிவுகளை அந்தப் பழைய வடிவத்தில் ஏற்றியதால், வரம்பைத் தாண்டியவை விடுபட்டன. 15,841 தொற்றுகள் தினசரிக் கணக்கில் சேரவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடிப் பிடிப்பதும் தாமதமானது.

அட்டவணை வகை (ரிலேஷனல்) டேட்டாபேஸின் அடிப்படையை ஐபிஎம்மில் இருந்த எட்கர் காட் 1970-இல் வெளியிட்ட கட்டுரையில் வகுத்தார்: தகவல்களை அட்டவணைகளாகப் பிரி, அவற்றைப் பொதுவான மதிப்புகளால் இணை. உங்களுக்கு முதலில் நான்கு அட்டவணைகள் போதும்: வாடிக்கையாளர், பொருள், ஆர்டர், ஆர்டர் வரி (ஓர் ஆர்டரில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு வரிசை). வாடிக்கையாளரின் இன்றைய முகவரி வாடிக்கையாளர் அட்டவணையில் மட்டும் இருக்கும். ஆர்டரில் அதற்குப் பதில் வாடிக்கையாளர் எண் இருக்கும்.

ஆனால் பொருளின் விலை இரண்டு இடங்களில் இருக்க வேண்டும். புதிதாக வடிவமைப்பவர்கள் பெரும்பாலும் தவறுவது இங்கேதான். பொருள் அட்டவணையில் இருப்பது இன்றைய விலை. ஆர்டர் வரியில் இருப்பது விற்ற அன்றைய விலை. இரண்டும் வெவ்வேறு தகவல்கள். இரண்டாவதை எழுதிவைக்காமல் விட்டால், விலை ஏறிய மறுநாள் உங்கள் பழைய பில்கள் எல்லாமே மாறிவிடும். டெலிவரி அனுப்பிய முகவரிக்கும் இதே நியாயம்தான், அதை ஆர்டரில் எழுதிவையுங்கள்.

மாறும்போது முதலில் ஒவ்வொரு அட்டவணைக்கும் அர்த்தம் ஏதுமில்லாத ஒரு வரிசை எண்ணைப் பிரைமரி கீயாக, அதாவது ஒவ்வொரு வரிசைக்கும் தனி அடையாளமாக, வையுங்கள். போன் நம்பரைக் கீயாக வைக்காதீர்கள், ஆட்கள் நம்பரை மாற்றிக்கொண்டே இருப்பார்கள். போன் நம்பர் எழுத்து (டெக்ஸ்ட்) வகையிலும், தேதி ஆண்டு-மாதம்-நாள் என்ற ஒரே வடிவிலும், பணம் டெசிமல் வகையிலும் இருக்கட்டும். பின்னங்களைத் தோராயமாகச் சேமிக்கும் ஃப்ளோட் வகையில் 0.1-ஐயும் 0.2-ஐயும் கூட்டினாலே சரியாக 0.3 வராது. 'காலியாக இருக்கக் கூடாது', 'இல்லாத வாடிக்கையாளருக்கு ஆர்டர் போட முடியாது' போன்ற விதிகளை டேட்டாவை ஏற்றுவதற்கு முன்பே போட்டுவிடுங்கள். நிராகரிக்கப்படும் வரிசைகள்தான் இத்தனை நாள் மறைந்திருந்த பிழைகள். அவற்றைத் தனியே எடுத்துக் கையால் திருத்துங்கள். ஏற்றி முடித்ததும் வரிசைகளின் எண்ணிக்கையும் மாதவாரி பில் தொகையும் பழைய ஃபைலோடு ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போன அன்றே எக்செல் ஃபைல்களைப் படிக்க மட்டும் என்று பூட்டிவிடுங்கள். 'கொஞ்ச நாள் இரண்டிலும் எழுதுவோம்' என்று இழுத்தால் இரண்டும் கெட்டுப்போகும்.

கேள்வி: இருப்பில் ஒரே ஒரு பொருள். இரண்டு பேருக்கு விற்றதாகப் பதிவாகியிருக்கிறது. டேட்டாபேஸ்தான் பயன்படுத்துகிறோம். எப்படி நடந்தது?

பதில்: உங்கள் மென்பொருள் முதலில் இருப்பைப் படித்து, பிறகு கழித்து எழுதுகிறது. இரண்டு பேரும் ஒரே நொடியில் படித்தால் இருவருக்கும் 1 என்றே தெரியும். இருவரும் 0 என்று எழுதுவார்கள். கழித்தல் சரி, விற்பனை தவறு.

படிப்பதையும் கழிப்பதையும் ஒரே கட்டளையாக்கச் சொல்லுங்கள்: 'இருப்பு 1 அல்லது அதற்கு மேல் இருந்தால் 1 கழி'. அதன்பின் எத்தனை வரிசைகள் மாறின என்று பார்க்க வேண்டும். 1 என்றால் விற்பனை உறுதி; 0 என்றால் சரக்கு தீர்ந்துவிட்டது. இந்தக் கழித்தலும் ஆர்டர் பதிவும் ஒரே டிரான்ஸாக்‌ஷனுக்குள் இருக்க வேண்டும். நடுவில் கரண்ட் போனாலும் இரண்டும் நடக்கும், அல்லது இரண்டும் நடக்காது. கூடவே, இருப்பு 0-க்குக் கீழே போகக் கூடாது என்ற விதியை அட்டவணையிலேயே போடுங்கள். நாளை வேறொருவர் எழுதும் நிரலுக்கும் அது காவல்.

திரையில் ஊழியர் யோசித்துக்கொண்டிருக்கும் நேரமெல்லாம் டிரான்ஸாக்‌ஷனைத் திறந்து வைக்காதீர்கள். அந்த வரிசைக்காக மற்றவர்கள் காத்துக்கிடப்பார்கள்.

கேள்வி: தினமும் பேக்கப் எடுக்கிறோம். இது போதுமா?

பதில்: அதிலிருந்து ஒருமுறையாவது மீட்டுப் பார்த்தீர்களா? 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் நிரல்களைச் சேமித்துவைக்கும் தளத்தை நடத்தும் கிட்லாப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் டேட்டாபேஸ் ஃபோல்டரை அழித்துவிட்டார். தினசரி பேக்கப் இருக்கிறது என்றே நம்பியிருந்தார்கள். மென்பொருள் பதிப்பு ஒத்துப்போகாததால் அது தோல்வியடைந்துகொண்டே இருந்திருக்கிறது. அதைச் சொல்லும் எச்சரிக்கை மின்னஞ்சல்களும் போய்ச் சேரவில்லை. வேறு காரணத்துக்காக எடுத்துவைத்த ஒரு பிரதி கைகொடுத்தும், சுமார் ஆறு மணி நேர டேட்டா போய்விட்டது. அந்த நிறுவனமே இதை மறைக்காமல் விவரமாக வெளியிட்டது பாராட்டத்தக்கது.

மாதம் ஒருமுறை வேறொரு கணினியில் பேக்கப்பை ரெஸ்டோர் செய்யுங்கள். கடைசி ஆர்டரின் தேதி சரியா, முக்கிய அட்டவணைகளின் எண்ணிக்கை சரியா என்று பாருங்கள். எவ்வளவு நேரம் பிடித்தது என்றும் குறித்துவையுங்கள். விபத்து நடந்தால் உங்கள் வேலை குறைந்தது அவ்வளவு நேரம் நிற்கும். ஒரு பிரதி கட்டடத்துக்கு வெளியே இருக்கட்டும். உடனுக்குடன் நகலெடுக்கும் ரெப்ளிகா சர்வரைப் பேக்கப் என்று எண்ணாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும்.

கேள்வி: மாதக் கடைசியில் ரிப்போர்ட் எடுத்தால் பில் போடுவது முடங்குகிறது. பெரிய சர்வர் வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். தேதி, வாடிக்கையாளர் எண் போன்ற தேடும் பத்திகளுக்கு (காலம்களுக்கு) இண்டெக்ஸ், அதாவது புத்தகத்தின் பின்னால் இருக்கும் சொல்லடைவு போன்ற தேடல் பட்டியல், இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். அது இல்லாவிட்டால் ஒரே ஒரு வாடிக்கையாளரின் ஆர்டர்களைத் தேடக்கூட லட்சக்கணக்கான வரிசைகளை ஒவ்வொன்றாகப் படிக்க வேண்டும். அதற்காக எல்லாப் பத்திகளுக்கும் இண்டெக்ஸ் போட்டால் ஒவ்வொரு பில்லும் அத்தனை இண்டெக்ஸ்களிலும் எழுதப்பட்டு, பதிவு மெதுவாகும். ஆண்டு முழுவதையும் கூட்டும் ரிப்போர்ட்டுக்கு இண்டெக்ஸ் பெரிதாக உதவாது. மேலே சொன்ன ரெப்ளிகாவுக்கு அந்த வேலையைத் தள்ளிவிடுங்கள்.